20 பேர், ஒரு கண்மாய்: சீரமைப்பை எதிலிருந்து தொடங்குவது?

மருதுநிழல் (கேள்வி)

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைச் சீரமைக்க இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் 60 பேர், களத்துக்கு வரக்கூடியவர்கள் 20 பேர். கண்மாயின் ஆயக்கட்டு (அதன் தண்ணீர் பாயும் வயல் பரப்பு) 60 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. உள்வாயில் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், மூன்று இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் மேலும் தருவதாகச் சொல்கிறார்கள். ஐப்பசிக்குள் 500 மரக்கன்று நட்டுவிட வேண்டும் என்பது குழுவின் ஆசை.

யாரிடம் அனுமதி வாங்குவது, சீமைக்கருவேலத்தை ஆட்களை வைத்தே எடுக்க முடியுமா, என்னென்ன கருவி வாங்குவது, பணத்தை எப்படிக் கையாள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மடைவாய்

முதலில் வரிசையை மாற்றுங்கள். வரத்துக்கால், பிறகு சீமைக்கருவேலம், கடைசியில்தான் மரக்கன்று. தண்ணீர் வந்து சேராத கண்மாயில் எதைச் செய்தாலும் அடுத்த கோடையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தூர்ந்த மூன்று இடங்களைத் திறந்துவிட்டால் இந்த ஐப்பசி மழையிலேயே தண்ணீர் ஏறுவது ஊருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டால் ஆள் வரும்.

அனுமதி. தமிழ்நாட்டில் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்களுடையது 60 ஏக்கர் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பிடிஓ) போக வேண்டும். ஆனால் சில கண்மாய்கள் நடைமுறையில் வேறு துறையின் பதிவேட்டில் இருக்கும். அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் விஏஓவிடம் புல எண்ணைக் கேட்டு, அ-பதிவேட்டு (நிலம் எந்த வகை, யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகலும் புலப்படமும் எடுத்துவிடுங்கள். கண்மாயும் வரத்துக்காலும் ஒரே புல எண்ணில் இருக்காது. வரத்துக்கால் நாலைந்து எண்களில் துண்டு துண்டாக ஓடும், சில இடங்களில் பட்டா நிலத்தின் ஓரமாகவே போகும். அந்த நிலக்காரர்களிடம் முன்கூட்டியே பேசாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம்.

கடிதத்தில் புல எண்கள், பரப்பு, செய்யப்போகும் வேலை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, யார் பொறுப்பு எல்லாம் இருக்கட்டும். "மரத்தையோ மண்ணையோ வெளியே எடுத்துச் செல்ல மாட்டோம்" என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். அலுவலகத்தில் வரும் முதல் சந்தேகம் அதுதான். பிடிஓவுக்கு அசல், வட்டாட்சியர், ஊராட்சித் தலைவர், விஏஓவுக்கு நகல். ஒவ்வொன்றிலும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் ஒப்புகை நகலை வைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

கூடவே கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூட்டம் நடக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் நீர்நிலைத் தீர்மானங்களுக்கு அன்று கொஞ்சம் காது கொடுப்பார்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்பதை அன்றே பார்த்துவிடுங்கள். வாயால் "சரி" என்பது தீர்மானம் ஆகாது.

ஊருக்குள் கேட்க வேண்டியவை மூன்று. மீன்பாசிக் குத்தகை யார் பெயரில், எப்போது முடிகிறது? கரையில் நிற்கும் பனைக்கும் புளிக்கும் யாரிடமாவது 2சி பட்டா இருக்கிறதா? (புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமை அது.) உள்வாயில் வனத்துறை முன்பு சமூகக் காடாக நட்ட நாட்டுக்கருவேலம் உண்டா? மூன்றாவதைத் தெரியாமல் வெட்டினால் வழக்கு வரும்.

நீர்பாய்ச்சி (கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பகிர்ந்து விடுபவர்) இன்னும் உங்கள் ஊரில் இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு வரத்துக்காலை முழுக்க நடந்து பாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் பிரிந்து ஓடையில் கலக்கிறது, எந்த மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு) எவ்வளவு உயரத்தில் ஒழுகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வரத்துக்கால் வேலைக்கு ஒரு கணக்கு. பழக்கமில்லாத ஆள் மூன்று மணி நேரத்தில் 15 கன அடி வண்டல் வெட்டிக் கரையில் போடுவார். 20 பேர் என்றால் 300 கன அடி. 3 அடி அகலம், 1 அடி ஆழம் தூர்ந்திருந்தால் ஒரு காலையில் 100 அடி நீளம் முடியும். கண்மாய்ப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். இடையில் மழை வந்தாலும் வெட்டிய பகுதி வடியும். மேலிருந்து கீழே வந்தால் குழியில் தண்ணீர் தேங்கி வேலை நின்றுவிடும்.

ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) 100 அடி நீளத்தில் வாங்குங்கள். தண்ணீர் நிரப்பும்போது காற்றுக் குமிழி உள்ளே நின்றால் மட்டம் தப்பும். டியூபின் இரு முனையையும் சேர்த்துப் பிடித்து இரண்டு பக்கமும் நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விரியுங்கள். 100 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து மட்டத்தைக் குறித்துக்கொண்டே போனால், எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தாளில் தெரிந்துவிடும். வாய்க்காலின் தரை 1000 அடிக்கு அரை அடியிலிருந்து ஒரு அடி இறங்கினால் போதும்.

கண்மாய்க்குள் தூர்வாரும் ஆசை வந்தால் அதைத் தன்னார்வக் குழு தனியாகத் தொடக் கூடாது. கரையடியை ஒட்டி மண் எடுத்தால் கரை சரியும். அடியில் உள்ள களிப்படுகையை உடைத்து மணலைத் தொட்டுவிட்டால் தேங்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஒன்றியப் பொறியாளர் வந்து ஆழத்தையும் கரையிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் குறித்துக் கொடுத்த பிறகே இயந்திரம் இறங்க வேண்டும். மடைக் கசிவும் அவர் பார்க்க வேண்டியது. வெளியே ஈரமாகத் தெரியும் இடத்தில் சிமென்ட் பூசினால் கசிவு நிற்காது, பக்கத்தில் வேறு வழி தேடும்.

---

நெம்புகோல்

சீமைக்கருவேலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில்தான் நிறையக் குழுக்கள் ஒரே வருடத்தில் சோர்ந்து போகின்றன.

அரிவாளால் தரையோடு வெட்டினால் மரம் சாகாது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த மழைக்கு ஏழெட்டுத் தண்டு வரும். அப்புறம் புதராகிவிட்ட அதை எடுப்பது முன்பைவிடக் கடினம். தரைக்குக் கீழே ஒரு அடி வரை தோண்டி அந்தக் கழுத்தோடு எடுக்க வேண்டும். அதற்குக் கீழே மிச்சமிருக்கும் ஆணிவேர் பொதுவாகத் துளிர்க்காது.

அளவைப் பார்த்து வேலையைப் பிரியுங்கள். முழங்கால் உயரம் வரையிலான கன்றுகளை மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் கையால் பிடுங்கலாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் மேலே அறுந்து வேர் உள்ளேயே நிற்கும். மணிக்கட்டுப் பருமன் வரை என்றால் இரண்டு பேர், ஒரு பிக்காசு, ஒரு கடப்பாரை. தண்டைத் தரையோடு வெட்டிவிடாமல் மூன்றடி விட்டு வெட்டுங்கள், நெம்புவதற்கு அந்தக் கட்டைதான் பிடி. சுற்றிலும் ஒரு அடி தோண்டி, பக்கவேர்களை அறுத்து, ஆட்டி எடுக்க அரை மணி நேரம் ஆகும். தொடைப் பருமனுக்கு மேல் போனால் ஜேசிபிக்கு விடுங்கள். மனித உழைப்பை அதில் வீணாக்குவது சரியல்ல.

ஜேசிபியா, ஹிட்டாச்சியா என்றால், தரை நன்றாகக் காய்ந்த பங்குனி முதல் ஆனி வரை ஜேசிபி போதும். ஈரம் இருந்தால் டயர் புதையும், செயின் வண்டியான ஹிட்டாச்சிதான் ஓடும். வாடகை மணிக் கணக்கு. வண்டி ஊருக்கு வந்துபோகும் செலவு, குறைந்தபட்ச மணி நேரம், டீசல் யார் பொறுப்பு, நேரம் எப்போது தொடங்குகிறது ஆகிய நான்கையும் முன்பே பேசி முடியுங்கள். ஓட்டுநரிடம் பக்கெட்டால் தள்ளிவிட வேண்டாம், வேரின் கீழே கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். தள்ளினால் தண்டு முறியும், கழுத்து மண்ணுக்குள் நிற்கும். வண்டியோடு நம் ஆள் ஒருவர் கூடவே நடந்து, முறிந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பு போட்டு அடையாளம் வைத்தால் பிறகு கையால் எடுக்கலாம்.

எடுத்த மரம் உங்களுடையது இல்லை. புறம்போக்கு மரம் ஏலத்துக்குப் போக வேண்டும். கரிமூட்டம் போடுபவர்கள் உங்கள் பகுதியில் நிறைய. ஏலம் எடுப்பவரே "வேரோடு எடுத்துத் தர வேண்டும்" என்பதை ஏல நிபந்தனையில் பிடிஓ எழுதிவிட்டால் உங்கள் செலவில் பெரும்பகுதி மிச்சம். அந்த வரி இல்லாத ஏலத்தில் மேல்தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், கட்டை உங்கள் தலையில் விழும். விறகுக்கு இதையே நம்பியிருக்கும் வீடுகளையும் நினைவில் வையுங்கள். ஒரே வீச்சில் முழுக்க எடுத்தால் எதிர்ப்பு வரும், வர வேண்டியதும் நியாயம்தான்.

அடிக்கட்டையில் டீசல் ஊற்றுவது, உப்பு போடுவது, ஆசிட் ஊற்றுவது எதுவும் வேண்டாம். அது ஆடுமாடு குடிக்கும் தண்ணீர்.

வெட்டும் முன் நாட்டுக்கருவேலத்தையும் இதையும் பிரித்துப் பார்க்க எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடைவெளி விட்டுச் சுருங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர், காய் நேராகத் தட்டையாகப் பழுத்தால் மஞ்சளாகும். பூவும் காயும் இல்லாத பருவத்தில் சந்தேகம் வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். நிற்க வேண்டிய மரத்துக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்தால் ஜேசிபி ஓட்டுநரும் குழம்ப மாட்டார்.

கொக்கும் நாரையும் கூடு கட்டும் திட்டாக இருந்தால் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். கூடு கட்டும் மரங்களை மாற்று மரம் வளரும் வரை அப்படியே நிறுத்துங்கள்.

முதல் மழைக்குப் பிறகு தரை முழுக்கப் புதுக் கன்று முளைக்கும். விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் கார்த்திகை, மார்கழியில் பிடுங்கும் வேலையை நான்கைந்து வருடத்துக்குத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் குறைந்த பரப்பை எடுங்கள். 10 ஏக்கரை எடுத்துக் கைவிடுவதைவிட 2 ஏக்கரை எடுத்துச் சுத்தமாக வைத்திருப்பது மேல்.

20 பேருக்கான கருவி: மண்வெட்டி 8, பிக்காசு 4, கடப்பாரை 4 (ஐந்தடி, 16 கிலோ எல்லாம் வேண்டாம், 8 கிலோ போதும்), வெட்டரிவாள் 4, கை ரம்பம் 2, இரும்புச் சட்டி 12, அரம் 2. எல்லோருக்கும் ஒவ்வொன்று வாங்கினால் பாதி சும்மா கிடக்கும். வெட்டுபவர், அள்ளுபவர், சுமப்பவர், இளைப்பாறுபவர் என்று மாறி மாறித்தான் வேலை ஓடும். பிடிகளுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்து எண் போடுங்கள். புதருக்குள் விழுந்தாலும் தெரியும், மாலையில் எண்ணிச் சேர்க்கவும் எளிது.

செருப்போடு யாரையும் இறக்காதீர்கள். இந்த முள் ரப்பர் செருப்பையும் சாதாரண கான்வாஸ் ஷூவையும் துளைக்கும். அடிப்பாகத்தில் இரும்புத் தகடு வைத்த சேஃப்டி ஷூ, தோல் கையுறை, கண்ணாடி. கையிருப்பு 40,000 ரூபாயில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

---

மருதுநிழல்

மிக்க நன்றி. ஏல நிபந்தனை விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. 500 கன்று என்பதைக் குறைக்க வேண்டுமா? நாற்றுகள் இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்கிறார்கள்.

---

நாற்றங்கால்

குறைக்க வேண்டும். கன்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல, தண்ணீர்தான் பெரிது.

உங்கள் பகுதியில் தை முதல் ஆவணி வரை கன்றுக்கு வாரம் ஒரு முறை 15 லிட்டர் வேண்டும். 500 கன்று என்றால் வாரம் 7,500 லிட்டர், 30 வாரத்துக்கு மேல். ஒன்றரை டேங்கர் தண்ணீரை வாரா வாரம் யார் கொண்டுவருவார்கள்? 100 கன்று என்றால் 1,500 லிட்டர். டிராக்டர் ட்ரெய்லரில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வைத்து இரண்டு நடை. நான்கு பேர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார்கள். இரண்டாவது கோடையில் இரு வாரத்துக்கு ஒரு முறை போதும். அதாவது இந்த வருடம் நடுகிற எண்ணிக்கையை அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்ற வரப்போகிறவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். நடும் விழாவுக்கு வருபவர்களை எண்ணாதீர்கள்.

இலவச நாற்று: வனத்துறை நாற்றங்காலில் கிடைக்கும். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கீழ் நாற்று உற்பத்தி கூடியிருக்கிறது. ஆனால் கேட்ட வகை கேட்ட மாதத்தில் கிடைக்க ஆடியிலேயே எழுதிக் கொடுங்கள். கடைசி நேரத்தில் போனால் மிச்சமிருப்பதைத்தான் ஏற்றிவிடுவார்கள். வாங்கும்போது உயரத்தைவிடத் தண்டின் பருமனைப் பாருங்கள். பென்சில் பருமன், மூன்றடி உயரம், பையின் அடியிலிருந்து வேர் தரைக்குள் ஓடாதது. பைக்குள் வேர் சுருண்டிருந்தால் நட்ட பிறகும் அப்படியே சுருண்டு, நாலைந்து வருடத்தில் காற்றுக்குச் சாயும்.

எங்கே நடுவது என்பதை மடைவாய் சொன்ன அதே டியூப் லெவல் தீர்மானிக்கும். கலுங்கின் (கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) மேல்மட்டத்தை அப்படியே உள்வாய் ஓரத்துக்குக் கொண்டுபோய் 50 அடிக்கு ஒரு முளை அடியுங்கள். கண்மாய் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் கோடு அது. கோட்டுக்கு மேலே பத்தடி அகலத்தில் நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, பூவரசு. அதற்கும் மேலே மேட்டில் வேம்பு, வாகை, மஞ்சநத்தி, உசில், ஆவாரை. கோட்டுக்குக் கீழே மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். நீர்மருது, நாட்டுக்கருவேலம், நீர்க்கடம்பு மட்டும்தான் தாங்கும். அதையும் ஓரத்தில் திட்டாக வையுங்கள். கண்மாயின் நடு தண்ணீருக்கானது.

குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியாக வைத்து, மூடும்போது அதை அடியில் போடுங்கள். இரண்டு சட்டி மக்கிய தொழு உரம் கலந்தால் போதும். பச்சைச் சாணம் போட்டால் கறையான் வரும். பையைக் கிழித்து எடுக்காமல் அப்படியே நட்டுவிடுவது கூட்டமாக நடும்போது நிறைய நடக்கும் தவறு. கிழித்த பைகளை ஒரு சாக்கில் போட்டு கடைசியில் எண்ணுங்கள். 100 கன்று, 94 பை என்றால் ஆறு கன்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

கழுத்தை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. பையில் மண் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரம். சுற்றிலும் மூன்றடி வட்டப் பாத்தி, அதில் நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டை ஒட்டி ஒரு சாண் விட்டு. கன்றின் பக்கத்தில் ஒன்றரை அடி நீளத் துண்டுக் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து அதற்குள் தண்ணீர் விட்டால் நீர் நேராக வேருக்குப் போகும், மேல்மண்ணில் காய்ந்து வீணாகாது. ஊன்றுகோலுக்குச் சணல் கயிறு, எட்டு மாதிரி முடிச்சு. பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி முதல் கார்த்திகை வரை. மழைக்கு முன்பே குழி தயாராக இருக்கட்டும்.

---

பனைமட்டை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கரையில் பனை விதை போடுங்கள். தண்ணீரும் வேண்டாம், வேலியும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்திலிருந்து எடுத்த விதையைக் காய விடாமல் ஒரு அடி ஆழக் குழியில், பத்தடி இடைவெளியில் புதைத்தால் போதும். முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். இலை மேலே தெரியப் பல மாதம் ஆகும் என்பதால் "முளைக்கவில்லை" என்று தோண்டிப் பார்க்க வேண்டாம், முளை முறிந்துவிடும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவதும் சரிப்படாது.

---

மடைவாய்

பனை சரிதான், ஆனால் கரையின் உச்சியில் வேண்டாம். கரை மேல் டிராக்டரும் ஜேசிபியும் போக 12 அடி வழி திறந்திருக்க வேண்டும். உடைப்பு எடுக்கும் இரவில் மணல் மூட்டை கொண்டுபோக வழியில்லாமல் போனால் ஊரே பாதிக்கப்படும். வெளிப்புறச் சரிவின் அடியில் ஒரு வரிசை போடுங்கள். மடைக்கும் கலுங்குக்கும் 30 அடிக்குள் எந்த மரமும் வேண்டாம், குறிப்பாக அரசும் ஆலும். பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றை மடைக் கல்லிடுக்கில் பார்த்தால் விரல் உயரத்திலேயே பிடுங்கிவிடுங்கள். உட்புறச் சரிவில் அலை அரிக்கும் இடத்துக்கு வெட்டிவேர், அரை அடிக்கு ஒரு தூர், குறுக்கு வரிசையாக.

---

வரவுசெலவு

பணம். துபாய், சிங்கப்பூர் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க உங்கள் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம்ம ஊர்க்காரர், மாமன் மச்சான் என்பதெல்லாம் சட்டத்தில் கணக்கில்லை. ஆகவே தருபவர் ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்டு, நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் ஊருக்கு வரும்போது நேரில் வந்து உழைக்கட்டும்.

ஒருவரின் சொந்தக் கணக்குக்கு ஜிபே வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். வருமான வரிக் கேள்வி அவருக்கு வரும், ஊர்ப் பேச்சும் அவர் மேல்தான் விழும். சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும் (1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம்). வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அபராதம் சேரும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், நிர்வாகம் இலகு, ஆனால் தொடங்கியவர்கள் கையிலேயே அதிகாரம் நிற்கும். ஊர்ப் பொது வேலைக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் எண்ணம். அதன் பிறகு பான் கார்டு, இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு. நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் கேட்பதாக இருந்தால் வரிவிலக்குப் பதிவுகளும் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், அது ஒரு வருடம் கழித்துப் பார்க்க வேண்டியது.

நமக்கு நாமே திட்டத்தையும் பிடிஓ அலுவலகத்தில் கேளுங்கள். ஊர் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். உங்கள் வேலை எந்த விகிதத்தில் வரும் என்பதை அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு வசூலைத் தொடங்குங்கள்.

செலவுக் கணக்கை மாதம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் பில் படத்தோடு போட்டுவிடுங்கள். டீக்கடைச் செலவு உட்பட.

---

காலைமணி6

ஆட்களைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 60 பேர் குழுவில் 20 பேர் வருவார்கள் என்கிறீர்கள். மூன்றாவது மாதத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள். அந்த எட்டுப் பேரை வைத்துத் திட்டம் போடுங்கள், அதற்கு மேல் வருவது லாபம்.

நாளும் நேரமும் மாறவே கூடாது. ஞாயிறு காலை 6 முதல் 9. "இந்த வாரம் எப்போது வைத்துக்கொள்ளலாம்?" என்று குழுவில் கேட்கத் தொடங்கினால் 40 பதில் வரும், வேலை நடக்காது. சனிக்கிழமை மாலை ஒரே ஒரு செய்தி: கூடும் இடம், செய்யப்போகும் வேலை, கொண்டுவர வேண்டியது. விவாதத்துக்கும் வாழ்த்துப் படங்களுக்கும் தனிக் குழு. வேலைக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள்.

புதிதாக வருபவருக்கு முதல் நாளே முடியக்கூடிய வேலையாகக் கொடுங்கள். பத்துக் கன்றுக்குப் பாத்தி கட்டுவது, இருபதடி வாய்க்கால். கடப்பாரையைக் கொடுத்துக் கட்டையைக் காட்டினால் அடுத்த வாரம் வரமாட்டார். ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் வருகைப் பதிவேடு. பெயர், கைபேசி, ரத்த வகை, வீட்டில் அழைக்க வேண்டிய எண். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. அவர்களுக்கு அரிவாள் வேலை கிடையாது, ஜேசிபி ஓடும் நாளில் வரவே வேண்டாம்.

முள் குத்தி உள்ளே முறிந்தால் பிதுக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள், வாரக்கணக்கில் வீங்கும். எல்லோரும் டிடி ஊசி போட்ட தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். உடைந்த மதுப்பாட்டில் கண்மாய்க் கரையில் நிச்சயம் இருக்கும், வேலை தொடங்கும் முன் இரண்டு பேர் நடந்து பொறுக்கிவிட வேண்டும். புதரை வெட்டும் முன் நீளக் கம்பால் தட்டி, கதண்டுக் (பெரிய விஷக் குளவி) கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

பாம்பு கடித்தால் கடிக்கு மேலே இறுக்கிக் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிறு, இறுக்கமான ஷூ கழற்றி, கடிபட்ட காலைப் பலகை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழைப்பதோடு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் மருந்து இல்லையென்றால் அங்கே போய்த் திரும்பும் நேரம் உயிரை எடுத்துவிடும். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் செலவழிக்க வேண்டாம்.

பதிவுக்கு: கரையில் நான்கு இடத்தில் கல் நட்டு, அதன் மேல் கைபேசியை வைத்து ஒரே திசையில் மாதம் ஒரு படம். கல்லில் அம்புக்குறி செதுக்கிவிட்டால் யார் எடுத்தாலும் அதே காட்சி. கன்றுகளுக்கு அலுமினியத் தகட்டில் ஆணியால் எண் கீறித் தொங்கவிடுங்கள், மார்க்கர் எழுத்து ஒரு கோடையில் போய்விடும். ஆனி மாதம் ஒரு கணக்கெடுப்பு: உயிரோடு இருப்பது, காய்ந்தது, ஆடு கடித்தது. எந்த வகை எந்த இடத்தில் காய்ந்தது என்று தெரிந்தால் அடுத்த ஐப்பசியில் அதை அங்கே நட மாட்டீர்கள். இணையம் இல்லாத இடத்திலும் பதியக்கூடிய கோபோடூல்பாக்ஸ் என்ற இலவசச் செயலி உண்டு. அது சிரமமென்றால் நோட்டுப் புத்தகமே போதும்.

---

மருதுநிழல்

எல்லோருக்கும் நன்றி. இந்த வருடம் வரத்துக்கால், கலுங்குப் பக்கம் 2 ஏக்கர் சீமைக்கருவேலம், 100 கன்று என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசியாக ஒன்று: ஆடுகளுக்கு எதிராகக் கன்றுகளைச் சுற்றி, வெட்டிய சீமைக்கருவேல முள்ளையே வேலியாகப் போடலாமா?

---

நெம்புகோல்

போடலாம், கம்பி வலையைவிட மலிவு, ஆடும் நெருங்காது. ஆனால் காய் உள்ள கிளை ஒன்றுகூட வரக் கூடாது. ஆடும் மாடும் அந்தக் காயைத் தேடி வந்து தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து நன்றாக முளைக்கும். கன்றைச் சுற்றி நீங்களே விதைத்த மாதிரி ஆகிவிடும். கிளையை வெட்டியதும் தார்ப்பாயில் போட்டுக் காயை உதிர்த்து, காய் பழுப்பதற்கு முன்பே வெட்டிய கிளைகளாகப் பொறுக்கி எடுங்கள். உதிர்ந்த காயைக் குப்பைக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள், காற்றில்லாத காலையில், தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முள்கட்டைத் தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வைத்து, தண்ணீர் ஊற்றும் பக்கம் ஒரு கை அகலம் திறப்பு விடுங்கள், இல்லையென்றால் ஊற்றுகிறவர் கையெல்லாம் கீறிக்கொண்டு அடுத்த வாரம் தூரத்தில் நின்றே வீசுவார். முள் ஒரு வருடத்தில் இற்றுவிடும், இரண்டாவது ஐப்பசியில் புதிதாக மாற்ற வேண்டும்.